முதுகில் வைக்காத கை

மூக்கம்மாள் தன் மகளுக்கு நடை பழக்குவதற்கு முன்னாலேயே அசையாமல் இருக்கப் பழக்கினாள். சிரிக்காதீர்கள். உடும்பஞ்சோலைக்கு மேலே ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிறவளுக்கு வேறு வழி கிடையாது. ஆளுயரச் செடிக்கு அடியில் தலையை விட்டுக் காய் பறிக்கும்போது யானை பத்தடியில் வந்து நின்றாலும் தெரியாது. கூப்பாடு போட்டால் தீர்ந்தது கதை. அதனால் முதலில் பார்த்தவள் பக்கத்தில் இருக்கிறவளின் முதுகில் உள்ளங்கையை வைப்பாள். கை பட்டதும் இருந்தபடியே கல்லாகிவிட வேண்டும். யானை என்று பெயரைக்கூடச் சொல்லக் கூடாது, பெரியவர் என்றுதான் சொல்ல வேண்டும். ஓடினவனைத்தான் பெரியவர் துரத்துவார், இருந்தவளை விட்டுவிடுவார் என்பது லயத்து வரிசைவீட்டுப் பெண்களின் தீர்மானம். மூக்கம்மாளின் புருஷன் சின்னமுத்து ஓடினவன். அவனைச் சாக்கில் கட்டித்தான் கொண்டுவந்தார்கள்.

இப்படி வளர்ந்த முத்துப்பேச்சியை, ஏழு வயதில், எழுபத்து நாலாம் வருஷம், பள்ளிக்கூடத்து மைதானத்தில் கோகோ விளையாட உட்காரவைத்தார் ரத்தினசாமி சார். மூன்றாம் வகுப்பில் பெண்பிள்ளைகள் மொத்தமே ஒன்பது. கோகோவிலும் ஓர் அணிக்கு ஒன்பது பேர்தான். எட்டுப் பேர் வரிசையாகக் குந்தியிருக்க, ஒருத்தி எதிரணியைத் துரத்துவாள். அவள் நினைத்தால் குந்தியிருக்கிற ஒருத்தியின் முதுகில் தட்டி, ‘கோ’ என்பாள். தட்டு வாங்கினவள் எழுந்து பறக்க வேண்டும், தட்டினவள் அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்வாள். ஆட்டமே அவ்வளவுதான்.

சந்தனம் என்கிற பிள்ளை ஓடிவந்து பேச்சியின் முதுகில் தட்டினாள். பேச்சி கல்லானாள். மூச்சைக்கூட விடவில்லை.

“கோ! ஏட்டி, கோ! எந்திரிட்டி!” என்று சந்தனம் தொண்டை கிழியக் கத்தினாள். ஊஹூம்.

“ஒனக்குக் காது செவிடா?” என்றார் சார். “திங்கக்கெழம மேலத் தோட்டத்துப் பிள்ளைகளோட மேட்ச் இருக்கு. அதுக்குள்ள நீ எந்திரிக்கலேன்னா ரெண்டாங் கிளாஸ்லருந்து வேற பிள்ளைய எடுத்துருவேன்.”

விஷயத்தைக் கேட்டபோது மூக்கம்மாளுக்கு உள்ளூரச் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன். மகளுக்குப் பாடம் பதிந்திருக்கிறதே! ஆனால் பிள்ளை இரண்டு நாளாகக் கஞ்சியைத் தொடவில்லை. எல்லாப் பிள்ளைகளும் அவளைக் ‘கல்லு, கல்லு’ என்றே கூப்பிடுகிறார்களாம். மதியம் உப்புமாவைத் தனியாக உட்கார்ந்து தின்கிறாளாம்.

“ஓடணும்னு தெரியுதும்மா. கை பட்டா காலு வரமாட்டேங்கு” என்று பாயில் கிடந்து தேம்பினாள். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். மூன்றே நாளில் எங்கே போகும்? பெற்ற வயிறு கேட்கவில்லை. வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்ட கதையாக, வியாழக்கிழமை வேலை விட்டு வந்ததும் மூக்கம்மாள் மகளை லயத்து வாசலில் குந்தவைத்தாள்.

“நான் தட்டுவேன். தட்டுனதும் அந்தப் பைப்படி வரைக்கும் ஓடணும். என்ன?”

பக்கத்து வீட்டுக்காரிகள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். அந்த வெட்கத்தில் மூக்கம்மாள் ‘கோ’ என்று சொல்லாமல் வெறும் கையால் தட்டித் தட்டியே பழக்கினாள். பாவி, அங்கேதான் தப்புப் பண்ணினாள், காட்டில் வைக்கிறதும் அதே வெறும் கைதானே. இருபது தடவை பேச்சி அசையவில்லை. அதற்கடுத்த தடவை கை பட்டதும் வெடுக்கென்று எழுந்து பைப்படிக்கு ஓடினாள். அப்புறம் இருட்டும்வரை ஓட்டம்தான்.

வெள்ளிக்கிழமை பேச்சி வீட்டுக்குள் குதித்துக்கொண்டு வந்தாள். “அம்மா, நான் ரெண்டு பேர அவுட்டாக்கிட்டேன்! சார் என்னைய சேத்துக்கிட்டாரு!”

“சரித்தா. காட்டுல கை வச்சா?”

“காட்டுல வச்சா இருப்பேன். பள்ளிக்கூடத்துல வச்சா ஓடுவேன். இது தெரியாதாக்கும்!”

மூக்கம்மாள் நம்பினாள். நம்பாமல் என்ன செய்ய? மறுநாள் சனிக்கிழமை. பிள்ளையை விட்டுவிட்டு வர வீட்டில் நாதியில்லை. வழக்கம்போல் கூடவே தோட்டத்துக்குக் கூட்டிப்போனாள்.

பேச்சி கைக்கெட்டும் தூரத்தில், தாய்க்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, சிந்திய காயைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மூக்கம்மாள் நிமிர்ந்தபோது ஓடைக்கு இப்பால் செடி விலகியது. காது தெரிந்தது. அப்புறம் ஒற்றைக் கொம்பு.

அவள் கை தன்னால் எழுந்து மகளின் முதுகுக்குப் போயிற்று. அரையடி இருக்கும்போது அவள் பிள்ளையின் பாதங்களைப் பார்த்துவிட்டாள். பேச்சி எப்போதும்போல் சம்மணம் போட்டு இருக்கவில்லை. கால்விரல்களை மண்ணில் ஊன்றி, குதிகாலைத் தூக்கி, கோகோவில் குந்துகிற மாதிரியே குந்தியிருந்தாள்.

கை அந்தரத்தில் நின்றது. வைத்தால் இருப்பாளா, ஓடுவாளா? வைக்காவிட்டால், ஏதோ கேட்கத் திரும்பிப் பார்த்து வாயைத் திறப்பாளே! ஐயோ, ஐயோ, நானே கெடுத்தேனே, என் கையாலேயே கெடுத்தேனே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. யானை ஒரு காலை எடுத்துவைத்தது. சருகு நொறுங்கியது.

மூக்கம்மாள் அப்படியே மகள்மேல் விழுந்தாள். பாரம் முழுவதையும் போட்டு அமுக்கி வாயைப் பொத்தினாள். அடியில் என்னவோ மளுக்கென்றது. பிள்ளை அவள் உள்ளங்கையைக் கடித்துத் திமிறியது. மூக்கம்மாள் கையை எடுக்கவில்லை. தலைக்கு மேலே மூச்சு புஸ்ஸென்று வந்தது. ஏலச்செடியின் தட்டையை முறிக்கிற சத்தம், மெல்லுகிற சத்தம். எவ்வளவு நேரமோ, யார் கண்டார்கள்! கடைசியில் செடிகள் ஓடைப் பக்கமாக அசைந்து அசைந்து ஓய்ந்தன.

அவள் விலகி எழுந்தபோது பேச்சியின் வலது கை முழங்கைக்குக் கீழே கோணலாகத் தொங்கியது.

“ஏம்மா மேல விழுந்த? திங்கக்கெழம மேட்ச்ம்மா! நான் எப்பிடிம்மா வெளையாடுவேன்?” என்று பிள்ளை கதறியது.

“பெரியவரு வந்தாரு தாயி. சத்தம் போடாத.”

பேச்சி அழுகையை நிறுத்தி ஓடைப் பக்கம் பார்த்தாள். பிறகு தாயைப் பார்த்தாள். அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது.

“அப்ப ஏம்மா நீ முதுகுல கை வைக்கல? வச்சிருந்தா எந்திரிச்சு ஒரே ஓட்டமா ஓடியிருப்பேன்ல!”

மூக்கம்மாள் பல் பதிந்த தன் கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.