ஏழாம் அத்தியாயத்துப் பெண் அழவில்லை

1

இதைக் கதையாக எழுத நான் உட்காரவில்லை. பழங்காலத்தில் மறைந்துபோன நகரங்களைப் பற்றிய சிறுவர் நூல் ஒன்றின் ஏழாம் அத்தியாயம் இது. அச்சேறாமல் போன ஆத்திரத்தில் மறுபடி எழுதுகிறேன். ஆங்காங்கே என் குரல் உயரும். பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுக்க முடியாவிட்டாலும் சரி.

2014ஆம் ஆண்டு, கொழும்பில் சிறு பதிப்பகம் நடத்தும் அமிர்தநாயகம் என்னிடம் அந்த நூலைக் கேட்டார். நான் மன்னாரில் சரித்திரம் படிப்பிக்கிறேன். மொகஞ்சதாரோ, பொம்பெய், திராய் என்று ஆறு நகரங்களை எழுதினேன். ஏழாவதாக மன்னாருக்கு அருகே நம்முடைய மாதோட்டம் வேண்டும் என்று நான்தான் அடம்பிடித்தேன். ஒரு காலத்தில் சீனத்துப் பீங்கானும் கராம்பும் வந்திறங்கிய துறைமுகம். இன்று புல் முளைத்த மண்மேடு.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

"அன்பான பிள்ளைகளே, கண்களை மூடிக்கொள்ளுங்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால், ஒரு மாலைப் பொழுதில், கப்பல்கள்..."

வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டால் எப்படிப் படிப்பது?

இரண்டாவது: "மாதோட்டத்து மக்கள் ஒருநாள் மர்மமான முறையில் மறைந்து..."

இந்த வாக்கியத்தை நான் முடிக்கவில்லை. முடிக்க விடாதவர் சரிபுதீன்.

2

சரிபுதீன் நூலுக்குப் படம் வரைந்தவர். மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டியில் பிறந்து, தெற்கே புத்தளத்தில் அகதி முகாமில் வளர்ந்து, போர் முடிந்தபின் தாயோடு ஊர் திரும்பியவர். மேட்டைப் பார்த்து வரையவென்று இருவரும் மோட்டார் சைக்கிளில் போனோம். காற்று அவருடைய தாள்களைப் பிடுங்கியது. ஒரு கழுதை எங்களைப் பார்த்துக்கொண்டே நின்றது.

எழுதியதை வாசித்துக் காட்டினேன். 'மர்மமான' என்ற இடத்தில் அவர் கையை உயர்த்தினார்.

"அக்கா, அதில என்ன மர்மம்?"

"ஏன் போனவையெண்டு தெரியாதுதானே, சரிபுதீன். சண்டை எண்டும் சொல்லுகினம், வியாபாரம் படுத்ததெண்டும் சொல்லுகினம்."

"ஏன் போனாங்களெண்டு தெரியாது. சரி. ஆனா நடந்துதானே போயிருப்பாங்க? இல்லாட்டி வள்ளத்தில. புகையாப் போகல்லயே."

அவர் வரையத் தொடங்கினார். மேட்டை வரையவில்லை, கடற்கரையை வரைந்தார். வள்ளங்கள், வள்ளங்களை நோக்கி மக்கள். முன்னால் ஒரு பெண், தலையில் மூட்டை, இடுப்பில் குழந்தை, கன்னத்தில் கண்ணீர். யாரென்று நான் கேட்கவில்லை. 1990இல் அவருக்கு நாலு வயது.

(1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்த முஸ்லிம்கள் எல்லாரையும் வெளியேறும்படி ஆயுதமேந்திய தமிழ் இயக்கம் கட்டளையிட்டது. எருக்கலம்பிட்டி மக்கள் கடற்கரையில் வள்ளங்களுக்காகக் காத்திருந்தார்கள். அப்போது எனக்குப் பதினொரு வயது. அதே தீவில்தான் இருந்தேன். பூட்டிய கடைகளைக் காட்டி "கடைக்காரர் எங்க போயிட்டினம்?" என்று அம்மாவைக் கேட்டேன். "வாயை மூடிக்கொண்டு நட, அன்ரோனெற்" என்றார். இந்த அடைப்புக்குறி சிறுவர் நூலில் இல்லை. இங்கே இருக்கட்டும்.)

3

திரும்பும் வழியில் அவருடைய வீட்டுக்குப் போனோம். பூசாத சுவர், புதுத் தகரக் கூரை. அவருடைய தாய் உம்மு ஸல்மா பால் விடாத பிளேன்ரீ தந்துவிட்டுப் படத்தை வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இது நானா மகன்?"

"இது அந்தக் காலத்துப் பொம்பிள உம்மா."

"அந்தக் காலத்துப் பொம்பிளைக்கு என்ட மூக்கு எப்பிடி வந்த?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.

"தலையில மூட்டை இல்ல. தையல் மெஷின் கொண்டு வந்தன். அதைக் கரையிலயே பறிச்செடுத்திட்டாங்க. உன்னை மட்டுந்தான் தூக்கிக்கொண்டு ஏறினன். மற்றது, நான் அழவுமில்ல."

"எல்லாரும் அழுதாங்கதானே உம்மா?"

"அழுதவங்க அழுதாங்க. எனக்கு ஆத்திரம். என்ட வீட்டைப் பூட்டி, திறப்பைக் குடு எண்டு ஒருத்தன் கையை நீட்டுறான். உனக்கொரு அண்ணன் இருந்தா அவன்ட வயசுதான் இருக்கும், அவ்வளவு சின்னப் பொடியன். அவன்ட முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் குடுத்தன். அப்ப இருந்த என்ட முகத்தைக் கீறு."

சரிபுதீன் அங்கேயே தரையில் உட்கார்ந்து மூட்டையையும் கண்ணீரையும் அழித்தார். பெண்ணின் முகத்தைக் கரைப்பக்கம் திருப்பினார். கண்கள் தாளிலிருந்து நேராக நம்மைப் பார்த்தன. எனக்குப் பார்வையைத் தாழ்த்தவேண்டும் போல இருந்தது.

அன்றிரவே அத்தியாயத்தைத் திருத்தினேன்: "மாதோட்டத்து மக்கள் மறையவில்லை. அவர்கள் போனார்கள். ஏன் என்று நமக்கு இன்னும் உறுதியாகத் தெரியாது."

4

அத்தியாயத்தையும் படத்தையும் அனுப்பி ஒரு வாரம் முடியுமுன் அமிர்தநாயகம் தொலைபேசியில் வந்தார்.

"அன்ரோனெற், எழுத்து அருமை. படத்தில அந்தப் பொம்பிளை மட்டும்... ஏன் எங்களை முறைக்கிறா?"

"கோவம், சேர்."

"ஆரோட?"

"ஊரை விட்டுப் போகச் செய்தவையோட."

"இது சின்னப் பிள்ளையளின்ர புத்தகம். வெறும் கரையும் இடிஞ்ச சுவரும் போதும். ஆக்கள் கட்டாயம் வேணுமெண்டா, அவ அழுறமாதிரிக் கீறச் சொல்லுங்கோ. பிள்ளையளுக்கு இரக்கம் வரும்."

கவனித்தீர்களா? போனவர்களுக்குப் புத்தகத்தில் இடம் உண்டு, அழுதால். பொம்பெய் அத்தியாயத்தில் எரிமலை ஆயிரக்கணக்கானோரைக் கொல்கிறது, அது பிள்ளைகளுக்குப் பொருந்தும். திராய் நகரத்தையே எரித்தேன், "விறுவிறுப்பு" என்று பாராட்டினார். ஒரு பெண் முறைத்தால் மட்டும் பிள்ளைகள் பயந்துவிடுவார்களாம்!

"கண்ணீர் போட ஏலாது, சேர். அந்த முகத்துக்கு உரியவ உயிரோட இருக்கிறா. அழேல்லையெண்டு சொல்லுறா."

"மாதோட்டத்துப் பொம்பிளை உயிரோட இருக்கிறாவோ?"

"எருக்கலம்பிட்டியில இருக்கிறா" என்றேன். அவருக்கும் விளங்கியிருக்க வேண்டும்; கொஞ்சநேரம் இருமினார்.

"அப்ப, ஆறு நகரத்தோட விடுவம்" என்றார்.

5

முடிவுக்கு வந்திருக்கிறேன். வராமலும் இருக்கிறேன்.

ஒரு முடிவில் அமிர்தநாயகம் மனம் மாறி, எருக்கலம்பிட்டிக்கு வந்து உம்மு ஸல்மாவின் கையால் பிளேன்ரீ குடிக்கிறார். பொய். அவர் வடக்கே மதவாச்சியைத் தாண்டி வந்ததே இல்லை.

இன்னொன்றில் நான் மற்ற ஆறு அத்தியாயங்களையும் திருப்பி வாங்கிவிடு... இல்லை, வாங்கவில்லை. நூல் வந்துவிட்டது. ஆறு நகரங்கள், வழவழப்பான அட்டை. என் பெயரை எடுத்துவிடச் சொன்னேன், எடுத்தார்கள். சரிபுதீனும் தன் பெயரை எடுக்கச் சொன்னார். யாரும் எழுதாத, யாரும் வரையாத புத்தகமாக அது இப்போது பள்ளிக்கூடங்களில் இருக்கிறது.

போன ஞாயிறு உம்மு ஸல்மாவிடம் ஒரு பிரதியைக் காட்டினேன். புரட்டிப் பார்த்தார்.

"கடைசிப் பக்கத்தில என்ன எழுதியிருக்கு மகள்?"

வாசித்தேன். அந்த வரி என்னுடையதல்ல, யாரோ சேர்த்தது: "இந்நகரங்களின் மக்கள் எங்கே போனார்கள்? அது என்றும் விடை காணாத புதிர்."

அவர் புத்தகத்தை மூடிப் பக்கத்தில் ஆளில்லாத கதிரையில் வைத்தார்.

"என்ன புதிர்? நாங்க புத்தளத்தில இருந்தம். பஸ் ஓடின இடந்தானே. ஆராவது வந்து கேட்டிருந்தாச் சொல்லியிருப்பம்."

இதோடு நான் நிறுத்துகிறேன். கடைசி வரி எழுத எனக்கு மனமில்லை. எழுதினால் அதையும் யாராவது திருத்துவார்கள். உங்கள் பிள்ளையின் பையிலும் அந்தப் புத்தகம் இருக்கலாம். புதிர் என்று முடியும் அந்த வரியின் கீழே கொஞ்சம் வெற்றிடம் இருக்கிறது. அதில் என்ன எழுதுவது என்று என்னைக் கேட்காதீர்கள். போய், போனவர்களைக் கேளுங்கள்.