வாத்துக்கு ஓர் உயிர்

"ஏங்க, உங்க கிடங்குத் தூண்ல ஒரு சிவப்பு நூல் தொங்குதே, பாத்திருக்கீங்களா?" என்றாள் மனைவி, கைப்பேசியிலிருந்து தலையை நிமிர்த்தாமல். "அதைத் தொட்டா வாத்துக்கு ஒரு உயிர் கூடுது."

ஞாயிற்றுக்கிழமை காலை. கிடங்குக்காரர் மறுநாளைக்கான சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றுவிட்டது. இஸ்திரிப் பெட்டியும் சட்டையின் மேலேயே நின்றது. "என்னமோ கருகுது" என்று அவள் மூக்கைச் சுளித்துக்கொண்டு எழுந்து வந்து பெட்டியைப் பிடுங்கும்வரை அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. சோப்புக் கிடங்கில் இருபத்திரண்டு வருஷம் இருந்தவரின் மூக்கு எப்போதோ ஓய்வு பெற்றுவிட்டது. ஓய்வு பெற அவருக்குத்தான் இன்னும் இரண்டு வருஷமும் நான்கு மாதமும் பாக்கி.

அந்த வாத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். வாத்து மார்க் சலவை சோப்பின் வாத்து. முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், கையில் வாளி, முகத்தில் ஊருக்கே துவைத்துக் கொடுத்துவிட்ட பெருமிதம். கம்பெனிக்கு ஐம்பது வயது ஆனதைக் கொண்டாட அந்த வாத்தை வைத்து ஒரு விளையாட்டு செய்து கைப்பேசியில் விட்டிருந்தார்கள். அதையும் பழைய காலத்து விளையாட்டு மாதிரி கட்டம் கட்டமாக, புள்ளி புள்ளியாகச் செய்திருந்தார்கள். மேலே ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டு சாய்வாகக் கீழே பார்ப்பது போல இருக்கும். ஒவ்வோர் அறைக்கும் இரண்டே சுவர். நமக்குக் கிட்டே இருக்கிற இரண்டையும் எடுத்துவிட்டார்கள். வாத்து தாவித் தாவிப் போய்க் கறைப்பூதங்களின் தலையில் வாளியைக் கவிழ்க்க வேண்டும். கிடங்குக்காரரின் மனைவி அதுவரை கைப்பேசியில் பேசுவதைத் தவிர ஒன்றும் செய்தவளில்லை. இப்போது அடுப்பில் என்ன இருக்கிறது என்பதே மறந்துபோகிற அளவுக்கு வாத்தோடு ஐக்கியமாகிவிட்டாள். ஆறாவது லெவலில் கிடங்கு வந்தது. கணவர் வேலை பார்க்கிற கிடங்கேதான், பன்னிரண்டு வரிசை இரும்பு அடுக்குகளும் சரிந்த தகரக் கூரையுமாக. அன்றைக்கு அவளுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

ஆனால் நூல். நூல் யாருக்கும் தெரியக்கூடாத சங்கதி.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால், பல்வலி என்று லீவு போட்டுவிட்டு அவர் கண் டாக்டரிடம் போனார். பார்வையின் நடுப்பகுதி மங்கிக்கொண்டே வரும், ஓரம் நிற்கும் என்றார் டாக்டர். அப்படியேதான் ஆயிற்று. நடமாட்டத்துக்குக் குறையில்லை. எதிரே வருகிற லாரி தெரியும், மாடிப்படி தெரியும். நேராக எதைப் பார்த்தாலும் அது மட்டும் காணாமல் போய்விடும். மனிதர்களின் முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் நிறக் கசங்கல். எழுத்து சுத்தமாகப் போயிற்று. கிடங்கிலோ எல்லாப் பெட்டியும் ஒரே பழுப்பு, ஒரே அளவு. வாத்தைப் பெட்டி உயரத்துக்கு அச்சடித்து, உள்ளே இருப்பது வெள்ளையா, நீலமா, ரோஜாவா, எலுமிச்சையா, குழந்தைத் துணி சோப்பா என்பதை அடியில் எறும்பு சைஸில் போட்டிருந்த மகானுபாவன் யாரோ. சரக்கு தினம் இடம் மாறும், காலியான அடுக்கில் வந்த சரக்கு ஏறும். லோடு இறக்க வருகிறவர்கள் நாளுக்கொரு முகம். அவர்கள் சத்தம் போட்டுப் பெயர் சொல்லி இறக்கும்போதே அவர் அந்தந்தத் தூணில் ஒரு துண்டு நூலைக் கட்டி முடிச்சுப் போட்டுவிடுவார். வெள்ளைக்கு ஒன்று, நீலத்துக்கு இரண்டு, ரோஜாவுக்கு மூன்று, எலுமிச்சைக்கு நான்கு, குழந்தைக்கு ஐந்து. பிறகு நடந்துபோகிற போக்கில் விரலால் தடவினால் போதும். மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை. தெரிந்தால் அழுவாள். ஆபீசுக்குத் தெரிந்தால் ஒரு மாலையைப் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வீட்டில் உட்கார்ந்துகொண்டு, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அழிகிற மனைவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். அதை நினைத்தால்தான் அவருக்கு பயம்.

இப்போது அந்த நூல் ஊரெல்லாம் கைப்பேசியில் தொங்குகிறது. யாரோ பார்த்திருக்கிறார்கள். பார்த்ததோடு நில்லாமல் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

"எங்க, காட்டு" என்று கைப்பேசியை வாங்கினார். தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால் பார்த்தார். "என்ன, காக்கா மாதிரி பாக்குறீங்க?" என்றாள் அவள். அவர் காதில் வாங்கவில்லை. அடுக்குகள் சாய்வாக, மேலிருந்து, வடக்கு மூலையிலிருந்து தெரிந்தன. கிடங்கு இப்படித் தெரிய உலகத்தில் ஒரே ஓர் இடம்தான் உண்டு. வடக்கு மூலையில், இரும்புப் படிக்கு மேலே, கண்ணாடி போட்ட பில் அறை. அங்கே பதினாறு வருஷமாக உட்கார்ந்திருப்பவள் ஒருத்திதான்.

"எல்லா ரூமும் இப்படித்தாங்க தெரியுது. குளியலறைகூட" என்றாள் மனைவி. அதுவும் அவர் காதில் ஏறவில்லை.

அந்தம்மாவுக்குப் பில்லம்மா என்று பெயர். வேறு பெயர் இருந்திருக்கும், கிடங்கில் யாருக்கும் அது தேவைப்படவில்லை. அதிகம் பேசமாட்டாள். பேசினால் "சரிண்ணே", "ஆச்சுண்ணே". இத்தனை நாள் அதை நல்ல குணம் என்றுதான் அவர் நினைத்திருந்தார். திங்கட்கிழமை காலை கிடங்குக்குள் கால் வைக்கும்போதே அது கள்ளத்தனமாகிவிட்டது. சந்தேகம் வந்துவிட்டால் பழையதெல்லாம் புது அர்த்தத்தோடு எழுந்து வந்து வரிசையில் நிற்கும். கொஞ்ச மாதமாக அவள் அனுப்பும் பில்லின் மேல் மூலையில், தடிப் பேனாவால், உள்ளங்கை அகலத்துக்குச் சரக்கின் முதல் எழுத்தையும் பெட்டிக் கணக்கையும் எழுதி அனுப்புகிறாள். கீழே எல்லாம் அச்சில் இருக்கும்போது எதற்கு அது? அதிகாரம். 'எனக்குத் தெரியும் உன் சேதி' என்று சொல்லாமல் சொல்வது. அந்த எழுத்தை வைத்துத்தான் இத்தனை நாள் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார் என்பது அவருக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. கோபம் வந்தால் அவருக்கு ஞாபகமும் ஓரத்தில் மட்டும்தான் வேலை செய்யும்.

பத்து மணிக்கு அவள் படியிறங்கி வந்தாள்.

"வாத்து விளையாட்டு பாத்தீங்களாண்ணே? நம்ம கிடங்கு வருதாம்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். சாம்பல் நிறக் கசங்கல். சிரிக்கிறாளா, ஆழம் பார்க்கிறாளா என்று சொல்ல வழியில்லை. குரலை வைத்து எடைபோட்டுப் பார்த்தார். குரல் எப்போதும் போல் மொழுமொழுவென்று, பிடி கொடுக்காமல் இருந்தது.

"எனக்கெதுக்கும்மா அதெல்லாம்? நீ பாத்தியா?"

"நான் எங்கண்ணே பாக்குறது. என்கிட்ட இருக்கிறது பட்டன் போனு."

நல்ல பதில், ரொம்ப நல்ல பதில், யோசித்து வைத்த பதில் என்று நினைத்துக்கொண்டார். மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபிறகு, அட்டை கிழிக்கிற கத்தியை எடுத்துக்கொண்டு வரிசை வரிசையாகப் போய் அத்தனை நூலையும் அறுத்தார். அறுத்ததைக் காகிதத்தில் சுற்றிச் சட்டைப்பைக்குள் போட்டபோது, தடயத்தை அழித்துவிட்ட நிம்மதி வந்தது. அந்த நிம்மதிக்கு ஆயுசு இரண்டு நாள்.

செவ்வாய்க்கிழமை சமாளித்தார், ஞாபகம் இருந்தது. புதன்கிழமை புதுச் சரக்கு வந்து அடுக்கு மாறியது. வியாழக்கிழமை ரோஜா கேட்ட கடைக்கு வெள்ளை போயிற்று. நீலம் கேட்ட இன்னொருவருக்குக் குழந்தைத் துணி சோப் அறுபது பெட்டி போய் இறங்கியது. வெள்ளிக்கிழமை காலை மேனேஜர் வந்துவிட்டார். சின்ன வயசு, நல்ல மாதிரி, அதனாலேயே அவரிடம் பொய் சொல்வது கஷ்டம்.

"என்ன பெரியவரே, இருபத்திரண்டு வருஷத்துல இப்படி ஆனதே இல்லையே?"

கிடங்குக்காரர் பூட்ஸ் போட்ட வாத்தின் மேல் கண்ணை வைத்துக்கொண்டு சொன்னார். "நான் என்ன சார் பண்றது. பில்லுல என்ன வருதோ அதைத்தான் ஏத்துறேன். மேல கொஞ்ச நாளாவே கவனம் இல்லை. நானா சொல்லக்கூடாதுன்னுதான் இருந்தேன்."

அவள் செய்ததற்கு இது பதிலுக்குப் பதில்தானே என்று ஒரு குரல் உள்ளே நியாயம் பேசியது. அந்தக் குரலுக்கு வாய் ஜாஸ்தி. மேனேஜர் மேலே போனார். கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு உருவங்கள் கொஞ்ச நேரம் அசைந்தன. பத்து நிமிஷத்தில் ஓர் உருவம் படியில் இறங்கி வந்து அவருக்கு முன்னால் நின்றது.

"என்னைத் திங்கக்கிழமையிலருந்து கம்பெனியோட பழைய டிப்போவுக்குப் போகச் சொல்லிட்டாங்கண்ணே. பில்லுல தப்பு வருதாம்" என்றாள். "நீங்கதான் சொன்னீங்களா?"

அவர் குனிந்து ஒரு பெட்டியின் மூலையை நிமிர்த்திவிட்டார். அவள் அதற்குமேல் நிற்கவில்லை. படியில் அவள் செருப்பு ஒவ்வொரு தட்டாக ஏறிப்போகும் சத்தத்தை அவர் கடைசித் தட்டுவரை எண்ணினார்.

கிளம்புவதற்கு முன்னால் மேனேஜர் அடுக்குகளுக்கு நடுவே ஒரு நடை போனார். நான்காவது தூணருகே நின்று கையை மேலும் கீழும் தடவினார்.

"எங்கய்யா, இங்க தொங்கிட்டிருந்த நூலைக் காணோம்?"

கிடங்குக்காரர் தூணைப் பார்க்காமல் கேட்டார். "எந்த நூல் சார்?"

"அதான், சிவப்பு நூல். அன்னைக்கு விளையாட்டுக்காரங்க கிடங்கைப் படம் பிடிக்க வந்தப்போ கேட்டாங்களே, இது என்ன எல்லாத் தூண்லயும்னு. நீங்க பல்வலின்னு லீவுல இருந்தீங்க. எனக்கும் தெரியலை. பில்லம்மாதான் ஓடி வந்து சொன்னாங்க, அது எங்க கிடங்கோட ராசி சார், போறப்ப வர்றப்ப தொட்டா நல்லது நடக்கும், அவுத்துடாதீங்கன்னு. அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. விளையாட்டுல போட்டுட்டாங்க, தொட்டா ஓர் உயிர்." மேனேஜர் சிரித்தார். "நானும் எப்ப வந்தாலும் ஒரு தடவை தொட்டுட்டுத்தான் போவேன். வெளிய சொல்லிடாதீங்க."

அவர் போன பிறகு கிடங்குக்காரர் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தார். லீவு போட்ட நாள். டாக்டரைப் பார்க்கப் போனது அது முதல் தடவையா இரண்டாவதா என்று கணக்குப் போட்டுப் பார்த்தார். நூல் கட்ட ஆரம்பித்த பிறகு, அதே பல்வலியைச் சொல்லிப் போனது, இரண்டாவது தடவைதான். அப்படியானால் அப்போதே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நூல் எதற்கென்றும், பல்வலி எந்தப் பல்லில் என்றும். தடிப் பேனா வந்தது அதற்கு அடுத்த வாரம். சட்டைப்பையில் இருந்த பில் ஒன்றை எடுத்து ஓரக்கண்ணால் பார்த்தார். பெரிய, உருண்டையான, பள்ளிக்கூடப் பிள்ளைக்கு எழுதிக் கொடுத்தது போன்ற எழுத்து. அவமானமாக இருந்தது. இப்படி ஒரு ஜென்மம் என்று தன்னையே வைதுகொண்டார். ஓடிப்போய் மேனேஜரின் வண்டியை மறித்து, தப்பு என்னுடையது என்று சொல்லியிருக்கலாம். எழுந்தும் நின்றார். ஆனால் கண்ணைச் சொல்லாமல் தப்பைச் சொல்ல முடியாது. மறுபடி உட்கார்ந்தார்.

சனிக்கிழமை அவள் தன் சாமான்களை எடுத்துக்கொள்ள வருவாள் என்று தெரியும். அவர் காய்ச்சல் என்று லீவு போட்டார். "நெத்தி சில்லுன்னு இருக்கு" என்றாள் மனைவி. ஒன்பதாவது லெவலில் சிக்கிக்கொண்டிருந்ததால் மேற்கொண்டு விசாரிக்கவில்லை.

திங்கட்கிழமை பில் அறையில் மேனேஜரே உட்கார்ந்திருந்தார். புது ஆள் வரும்வரை அவர்தானாம். முதல் வண்டி எட்டரைக்கே வந்துவிட்டது. பில்லின் மூலையில் எதுவும் எழுதியிருக்கவில்லை. வெறும் அச்சு, வெள்ளையில் ஒரு சாம்பல் பூச்சு. டிரைவர்தான் அவசரத்தில் சத்தம் போட்டான். "எலுமிச்சை நாப்பது பெட்டி, சீக்கிரம்ணே!"

எலுமிச்சை. வியாழன், வெள்ளி இரண்டு நாளும் குழப்பத்தில் போனது. சனிக்கிழமை வேறு யாரோ சரக்கு இறக்கியிருக்கிறார்கள். கிடங்குக்காரர் நடந்தார். எதற்கும் உதவாத பழக்கத்தில் கை தானாகத் தூணைத் தடவிக்கொண்டே வந்தது. முதல் தூணிலேயே விரலில் ஏதோ பட்டது.

நூல். அவருடையது சன்னமான நூல், இது தடித்த கம்பளி நூல். அடுத்த தூணிலும் இருந்தது, அதற்கடுத்ததிலும். அவர் இடுப்பு உயரத்தில் கட்டுவார், இவை கொஞ்சம் கீழே, அவரைவிடக் குள்ளமான ஒருத்தரின் கைக்கு எட்டுகிற இடத்தில். வேகமாக ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போனார். இரண்டு. ஒன்று. ஐந்து. ஒன்று. எட்டாவது வரிசைத் தூணில் நான்கு.

நான்கு முடிச்சு என்றால் எலுமிச்சை. அவர் கட்டியிருந்தால்.

சனிக்கிழமை கட்டியிருக்கிறாள். வெள்ளிக்கிழமை 'நீங்கதான் சொன்னீங்களா' என்று கேட்டுப் பதில் வராமல் படியேறிப் போனவள், சனிக்கிழமை வந்து பன்னிரண்டு வரிசைக்கும் குனிந்து குனிந்து முடிச்சுப் போட்டிருக்கிறாள். எதற்காக? மனசு வைத்தால் நான்கை எங்கே வேண்டுமானாலும் போடலாம். வெள்ளை மேல் நான்கு, நீலத்தின் மேல் ஐந்து. ஒரே ஒரு வண்டி போதும். பில்லில் தப்பு இல்லை என்று அதுவே நிரூபணமாகிவிடும். அவளிடத்தில் அவர் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று யோசித்தார். யோசித்திருக்கக்கூடாது. பதில் உடனே தெரிந்துவிட்டது.

பெட்டியின் அடியில் எறும்பு எழுத்து இருக்கிற இடத்தை விரலால் தொட்டார். வழவழப்பு. குனிந்து மோந்தார். சோப்பு வாசனைகூட வரவில்லை. லோடு ஏற்றுகிறவனிடம் படிக்கச் சொல்லலாம். பன்னிரண்டு வரிசைக்கும் கேட்கும் அவன் குரல். மேலே கண்ணாடிக்குப் பின்னால் ஓர் உருவம் அசையாமல் கீழே பார்த்துக்கொண்டு நின்றது.

"இதுதானாண்ணே?" என்றான் லோடு ஏற்றுகிறவன். "எடுக்கட்டுமா?"

வெளியே டிரைவர் ஹாரனை அழுத்தினான். கிடங்குக்காரர் முடிச்சுகளை மறுபடி எண்ணினார். ஒவ்வொன்றும் இறுக்கமாக, அவசரமில்லாமல், ஒரே இடைவெளியில் போடப்பட்டிருந்தது.

"எடு" என்றார்.

அவன் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு வாசல் வெளிச்சத்தை நோக்கி நடந்தான். அவர் நூலை விடவில்லை. அதைப் பிடித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தார். பெட்டியின் மேலிருந்த வாத்து பூட்ஸோடு ஓரத்தில் ஆடியாடிப் போயிற்று. நன்றாகப் பார்த்துவிடலாம் என்று அவர் நேராகத் திரும்பியதும், வாத்தும் பெட்டியும் தூக்கிக்கொண்டு போனவனும் ஒரே சமயத்தில் காணாமல் போனார்கள்.