முதலில் தொட்ட இடம்

கேலன் ஸ்ட்ரோவின் வேனில் முன் இருக்கை என் மனைவிக்கு. பின்னால் உட்கார்ந்தால் ட்வைலாவுக்குக் குமட்டும் என்று காரணம் சொல்வார்கள். எங்கள் காரின் பின் இருக்கையில் படுத்துத் தூங்கியபடியே அவள் டென்வர் வரை வந்திருக்கிறாள், ஒரு தடவைகூடக் குமட்டியதில்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

இலையுதிர் காலம் முழுவதும், வெள்ளிக்கிழமை மதியம் அந்த வேன் எங்கள் வாசலில் வந்து நிற்கும். உள்ளே நான்கு ஆண்கள், கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டையில். ட்வைலாவும் அதே சட்டையில் ஓடிப்போய் ஏறிக்கொள்வாள். நெப்ராஸ்கா மாநிலத்தின் மேற்குப் பக்கத்தில், பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுகிற அமெரிக்க ஃபுட்பாலுக்கு, உயர்நிலைப் பள்ளி ஆட்டங்களில் விசில் ஊதிய பெண், எனக்குத் தெரிந்து, அந்தக் காலத்தில் அவள் ஒருத்திதான். மற்ற நாட்களில் பண்ணை வீடுகளுக்குத் தபால் கொண்டுபோனாள். கேலன் விதைச்சோளம் விற்பவன். நடுவர் குழுவுக்கு அவன்தான் தலைவன். தலைவனுக்கு மட்டும் வெள்ளைத் தொப்பி. நான் எங்கள் மாவட்டத்தின் வாரப் பத்திரிகையை நடத்தினேன். செய்தி எழுதுவதும் அச்சுக் கோப்பதும் பிழை திருத்துவதும் நானேதான். ஆட்டத்தைப் பற்றியும் எழுத வேண்டியிருந்ததால் அந்த வேனின் பின்னாலேயே என் காரில் போவேன். என் முன் கண்ணாடி வழியே அந்த வேனின் முன் இருக்கைகளில் இரண்டு தலைகள் தெரியும். பேசும்போது அவள் கையை ஆட்டுவாள். என்னோடு வரும்போது அவள் கைகள் மடியில்தான் இருக்கும்.

அவர்கள் விதிகளைப் பற்றித்தான் பேசினார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வேறு ஏதாவது என்றால் சண்டை போடலாம். ஞாயிறு சாயங்காலம் ஃபோன் வரும். இவள் சமையலறைச் சுவரில் சாய்ந்து, ஃபோன் வயரை விரலில் சுற்றிக்கொண்டு, "பந்து கோட்டைத் தாண்டிடுச்சா, தாண்டலியா? அத மொதல்ல சொல்லு கேலன்," என்பாள். பிறகு ஒரு சிரிப்பு. உதைத்த பந்து எங்கே உருண்டது என்பதைக் கேட்டு ஒரு பெண் அப்படிச் சிரிப்பாள் என்று நான் நினைத்ததில்லை.

ஒருமுறை நானும் அந்தப் பேச்சில் நுழையப் பார்த்தேன். ஆட்டம் முடிந்து எல்லோரும் ஓட்டலில் சில்லி என்கிற காரமான பீன்ஸ் இறைச்சிக் குழம்பும் இலவங்கப்பட்டை ரோலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அன்று ஒரு பையன் பந்தோடு ஓடும்போது தானாகவே வழுக்கி முழங்காலில் விழுந்து, எழுந்து மறுபடி ஓடினான். ட்வைலா விசில் ஊதி நிறுத்திவிட்டாள்.

"யாருமே அவனத் தொடலியே. ஏன் ஊதின?" என்று கேட்டேன்.

கேலன் ரோலைப் பிட்டு சில்லியில் தோய்த்தபடி, "ஓரின், நீ ஞாயித்துக்கிழமைக்காரன்," என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். ட்வைலாவும். ஞாயிற்றுக்கிழமை டிவியில் வருவது தொழில்முறை ஆட்டம். அதில் யாராவது தொட்டு வீழ்த்தினால்தான் ஆட்டம் நிற்கும். பள்ளி ஆட்டத்தில் முழங்கால் தரையில் பட்டாலே போதும், முடிந்தது. ஊரில் பாதிப் பேர் டிவியைப் பார்த்துவிட்டு வெள்ளிக்கிழமை வந்து நடுவரைத் திட்டுவார்கள். அவர்களுக்குக் குழு வைத்த பெயர் அது. அன்றிலிருந்து எனக்கும் அதுதான் பெயர்.

வீட்டுக்கு வந்ததும் ட்வைலாவுக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். சமையலறை மேஜையில் உப்பு டப்பாவை எடுத்து நடுவில் வைத்தாள்.

"இதான் பந்து. வா, உக்காரு. ஊர்ல எல்லாரும் தப்பாப் புரிஞ்சுக்கிற ஒண்ணு சொல்றேன்."

ஒரு கரண்டி உதைத்த அணி. ஒரு முள்கரண்டி, பந்தை வாங்க வேண்டிய அணி.

"பந்து தூரத்துல விழுந்து உருளுது. உதைச்சவன் ஆளே ஓடிப்போயி அதத் தொட்டுட்டான். இப்ப என்ன?"

"ஆட்டம் முடிஞ்சுது."

"முடியல. எல்லாரும் அப்படித்தான் நெனக்கிறாங்க. அவன் தொட்டான், பிடிச்சு நிறுத்தல. பந்து இன்னும் உயிரோட இருக்கு. தொட்ட எடத்துல அடையாளத்துக்கு நான் என் பீன்ஸ் அடைச்ச வெள்ளைப் பையப் போடுவேன், விசில் ஊத மாட்டேன். இப்ப இந்த முள்கரண்டி பந்த எடுத்து ஓடலாம். நல்லா ஓடினா அவனுக்கு லாபம். ஓடும்போது பந்தத் தவறவிட்டான்னு வை. அப்பவும், அவன் பக்கம் வேற தப்பு எதுவும் இல்லன்னா, பை கெடக்கிற எடத்துக்கே திரும்பிப் போயி பந்த வாங்கிக்கலாம்."

"அது என்ன நியாயம்? அவனுக்கு நஷ்டமே கெடையாதா?"

"கெடையாது. உதைச்சவன் அவசரப்பட்டுத் தொட்டான்ல, அதுக்கு அவன் குடுக்கிற வெலை."

உப்பு டப்பாவை மூன்று முறை உருட்டிய பிறகுதான் எனக்குப் பிடிபட்டது. "புரிஞ்சிடுச்சு," என்றதும் அவள் முள்கரண்டியால் என் மூக்கைத் தட்டினாள். அந்தச் சாயங்காலம் எனக்கு மட்டுமே சொந்தம் என்று நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருடம் கேலனின் குழுவுக்கு லிங்கனில் நடக்கும் மாநில இறுதிப் போட்டி கிடைக்கும் என்று பேச்சு அடிபட்டது. பள்ளிக் கோச்சுகள் நடுவர்களுக்குப் போட்டு அனுப்பும் மதிப்பெண்களை வைத்துத்தான் குழுவைத் தேர்ந்தெடுப்பார்கள். ட்வைலா அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஆனால் முடிவு வருவதற்கு முன்னாலேயே ஷூக்களுக்குப் புது லேஸ் வாங்கிவிட்டாள். லிங்கன் என்றால் இரண்டு இரவு ஓட்டலில் தங்க வேண்டும். வேனில் போக ஒரு பகல், வர ஒரு பகல், முன் இருக்கையில். அது கிடைக்கக்கூடாது என்று நான் விரும்பினேன்.

கடைசி மதிப்பெண் டோர்ன் என்ற ஊரில் நடந்த காலிறுதிக்கு. உள்ளூர் டோர்ன், எல்க் பென்டுக்கு எதிராக. தாடை விறைக்கிற குளிர். எனக்குப் பக்கத்தில் தீவனக் கடைக்காரர் டெல்மர் என்பவர், மடியில் பெரிய பாப்கார்ன் வாளியோடு.

ஆட்டம் முடியும் தறுவாயில் டோர்ன் நான்கு புள்ளி பின்தங்கியிருந்தது. டோர்ன் பையன் பந்தை உயரமாக உதைத்தான். பந்து தொலைவில் விழுந்து குதித்து உருண்டது. டோர்ன் பையன் ஒருவன் விழுந்தடித்து ஓடி அதைக் கையால் தட்டினான். அவ்வளவுதான், வேலை முடிந்தது என்று டோர்ன்காரர்கள் ஹெல்மெட் வாரை அவிழ்த்துக்கொண்டு திரும்பி நடந்தார்கள். அந்தக் கோடியில் ட்வைலா நின்றாள். வெள்ளைப் பை அவள் கையிலிருந்து தரையில் விழுந்ததைப் பார்த்தேன். விசில் அவள் உதட்டுக்குப் போகவில்லை.

எல்க் பென்டின் பொடியன் ஒருவன் பந்தை எடுத்துக்கொண்டு ஓடினான். டோர்ன் பையன்கள் பதறித் திரும்பி அவனை மோத, பந்து நழுவியது. அதை டோர்ன் பையன் ஒருவன் அள்ளிக்கொண்டு ஓடி எதிர் எல்லைக்குள் விழுந்தான். டச்டவுன், ஆறு புள்ளி. ஊரே எழுந்து நின்றது. பாதிப் பாப்கார்ன் என் தலையில் கொட்டியது. பேண்ட் வாத்தியக்காரர்கள் வெற்றிப் பாட்டைத் தொடங்கிவிட்டார்கள்.

நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கூட்டத்தில் அந்தப் பைக்கு என்ன அர்த்தம் என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான் போலிருந்தது.

மறுகோடியிலிருந்து கேலன் ஓடி வந்தான். இருவரும் மைதானத்தின் நடுவில் நின்றார்கள். வாத்தியச் சத்தத்தில் கேட்காதோ என்னவோ, அவள் ஒரு கையால் அவன் தோளைப் பிடித்து, மறு கையை அவன் காதோரம் குவித்து ஏதோ சொன்னாள். நிறையச் சொன்னாள். அவன் குனிந்து கேட்டான். பிறகு அவ்வளவு சத்தத்துக்கும் நடுவில், அவன் சிரித்தான். சின்னச் சிரிப்புதான். ஆனால் பார்த்தேன்.

டச்டவுன் செல்லாது. பை கிடந்த இடத்தில் எல்க் பென்டுக்குப் பந்து. ஆட்டம் அப்படியே முடிந்தது. டோர்ன் தோற்றது.

"அந்தப் பொம்பளைக்கு விசில் யாருய்யா குடுத்தது?" டெல்மர் எழுந்து நின்று கத்தினார். "கெட்டில் விசிலடிக்கிறதக் கேட்டுக்கிட்டு அடுப்படில இருக்க வேண்டியவ. அம்மா தாயே, எங்க வீட்டு நாய் உன்னவிட நல்லாப் பாக்கும். அதுக்கு ஒரு கண்ணு வேற கெடையாது."

பின்வரிசைக்காரர் அவர் முதுகைச் சுரண்டி என்னைக் காட்டி ஏதோ முணுமுணுத்தார். டெல்மர் மெல்ல உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து வாளியை என் பக்கம் நீட்டினார். "பாப்கார்ன் எடுத்துக்கோங்க," என்றார். எடுத்துக்கொண்டேன்.

வேலியோரம் டோர்ன் கோச் வெண்டல் ஓபர் என்னைப் பிடித்துக்கொண்டார். கத்துகிற ஆள் இல்லை அவர். அதுதான் சங்கடம்.

"ஓரின், நீ பாத்தல்ல?"

"பாத்தேன்."

"எங்க பையன் பந்தத் தொட்டான். தொட்டதோட ஆட்டம் முடிஞ்சுதுன்னா விசில் எங்க? முடியலன்னா எங்க டச்டவுன் எங்க? ரெண்டுல ஒண்ணு சொல்லு, நான் வீட்டுக்குப் போறேன்."

"வெண்டல், அவ என் பொண்டாட்டி."

"தெரியும். அதனாலதான் உங்கிட்ட கேக்கிறேன். மதிப்பெண்ண நான் வியாழக்கிழமை அனுப்பணும். புதன்கிழமை உன் பேப்பர் வருது. அவ தப்புன்னா தப்புன்னு எழுது. நான் தப்புன்னா அதையும் எழுது. எங்க ஊர்ப் பசங்க அழுதுகிட்டு இருக்காங்க, ஏன்னு அவங்களுக்குத் தெரியணும்."

ரெண்டுமே இல்லை, மூன்றாவது ஒன்று இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தச் சிரிப்பு நினைவுக்கு வந்தது. "பாக்கலாம்," என்றேன்.

ஞாயிறு சாயங்காலம் ஃபோன் வந்தது. நான் ஹாலில் இருந்தேன்.

"இல்ல கேலன்," என்றாள் ட்வைலா. குரல் தாழ்ந்திருந்தது. "அவன்கிட்ட நான் கேக்க மாட்டேன். அவன் பேப்பர், அவன் இஷ்டம்." பிறகு வெகு நேரம் அந்தப் பக்கம் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று வயரைச் சுற்றவில்லை.

திங்களன்று அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதினேன். 'இறுதி நிமிடங்களில் நடுவரின் சர்ச்சைக்குரிய தீர்ப்பு ஒன்று டோர்னின் டச்டவுனைப் பறித்தது.' இதில் பொய் என்று ஒரு சொல்லும் இல்லை. சர்ச்சை நடந்தது, தீர்ப்பு வந்தது, டச்டவுன் போனது. இந்த ஒரு வரி போதும், வெண்டல் மதிப்பெண்ணைக் குறைத்துப் போட்டுவிடுவார். லிங்கன் கிடையாது.

கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன். குளிர்காலம் பூராவும் ஃபோன் வரும். இருவருக்கும் ஒரே துக்கம் இருக்கும். அநியாயமாகத் தோற்ற இரண்டு பேர், ஒருவருக்கு ஒருவர் ஆறுதல். அவள் சுவரில் சாய்ந்து நிற்பாள், நான் ஹாலில் உட்கார்ந்திருப்பேன். அந்தத் துக்கத்தில் எனக்கு ஒரு மூலைகூட இருக்காது. ஜெயித்தால் சிரிப்பார்கள். தோற்றால் இன்னும் நெருங்கிவிடுவார்கள்.

அந்த வரியைக் கோடு போட்டு அடித்துவிட்டேன். உப்பு டப்பாவையும் கரண்டிகளையும் நினைத்துக்கொண்டு, பத்து வயதுப் பையனுக்குச் சொல்வதுபோல விதியை முழுதாக எழுதினேன். ட்வைலாவின் பெயரையோ கேலனின் பெயரையோ போடவில்லை. டோர்ன் பையன் கெட்டிக்காரத்தனமாகப் பந்தைத் தட்டினான், அதைப் பிடித்து நிறுத்தியிருந்தால் விசில் வந்திருக்கும் என்று மட்டும் சேர்த்தேன்.

புதன்கிழமை ட்வைலா பேப்பரை நின்றபடியே படித்தாள். இரண்டு முறை படித்தாள்.

"'தொட்ட இடம்'னு எழுதியிருக்க," என்றாள். "'முதலில் தொட்ட இடம்'னு வரணும். அப்புறமும் யாராவது தொடலாம்ல."

"அடுத்த வாரம் திருத்தம் போட்டுடறேன்."

"போடு," என்றாள். மேஜையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். "சூப்பு சூடு பண்ணட்டுமா?"

வியாழக்கிழமை வெண்டல் ஃபோன் செய்தார். "விதி கேவலமா இருக்கு. ஆனா விதிதான்," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். குழுவுக்கு லிங்கன் கிடைத்தது. நானும் போனேன், என் காரில், அதே இரண்டு தலைகளைப் பார்த்தபடி. ஆட்டம் முடிந்து ஐந்து பேரும் நின்ற படத்தை நானே எடுத்து, நானே முதல் பக்கத்தில் அச்சடித்தேன். அவள் கேலனுக்குப் பக்கத்தில் நின்றாள். கண் கூசிக்கொண்டிருந்தது அவளுக்கு.

ட்வைலா இறந்துபோய் இது இரண்டாவது இலையுதிர் காலம். கடைசி மாதங்களில் ஆஸ்பத்திரிக்கு அவளை நான்தான் கூட்டிப்போனேன், முன் இருக்கையில். அடக்கத்தன்று குழு கோடு போட்ட சட்டையில் வந்திருந்தது. கேலனுக்கு முடி முழுக்க வெளுத்துவிட்டது. தேவாலயக் கூடத்தில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது காப்பிக் கோப்பையோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"டோர்ன்ல அன்னிக்கி எனக்கே சந்தேகம் வந்துடுச்சு ஓரின்," என்றான். "நான் தூரத்துல இருந்தேன், பையப் பாக்கல. ட்வைலா எல்லாம் சொன்னா. சரிதான், ஆனா இந்த ஊருக்கு இத எப்படிப் புரியவெப்பேன்னு கேட்டேன். அதுக்கு அவ என்ன சொன்னா தெரியுமா?"

தெரியாது என்று தலையாட்டினேன்.

"'என் வீட்டு ஞாயித்துக்கிழமைக்காரனுக்கு உப்பு டப்பாவ வெச்சே புரியவெச்சிட்டேன். மூணே தடவதான். அவனுக்குப் புரிஞ்சுதுன்னா யாருக்கும் புரியும். அவன் அழகா எழுதிடுவான் பாரு'ன்னா. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு."

அந்தச் சிரிப்பைத்தான் நான் அன்று பார்த்தேன். அத்தனை வருடம் என் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது அது.

கேலன் எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் இதைச் சொன்னான் என்று நினைக்கிறேன். நல்ல மனுஷன். தன் கண்ணால் பார்க்காத எதற்கும் விசில் ஊத மாட்டான் என்று ட்வைலாவே சொல்லியிருக்கிறாள். அதனால் அவள் அப்படிச் சொல்லியிருப்பாள் என்பதை நான் நம்புகிறேன்.

ஆனால் அவன் எழுந்து போன பிறகும் அந்த மேஜையிலேயே உட்கார்ந்திருந்தேன். அவள் என்னைப் பற்றிச் சொன்னதிலேயே நல்ல வார்த்தை அது. அதை அவள் என் காதில் சொல்லவில்லை, அவன் காதில் சொன்னாள். இத்தனை வருடமும் அது அவனிடம்தான் இருந்திருக்கிறது.