பாப்பா இருக்காளா?

ஊசி இறங்கும்போது மகள் "ஸ்... அம்மா" என்றாள். "அவ்ளோதான், முடிஞ்சுது" என்று பஞ்சை வைத்து அழுத்தினாள் அம்மா. அந்த மருத்துவமனையின் தடுப்பூசி அறையில் அவள்தான் நர்ஸ். இன்று அழாமல் கை நீட்டியவர்களில் மூத்தவள் சொந்த மகள் என்பதில் அவளுக்கு ஒரு பூரிப்பு. ஆனால் மகளின் கவனம் இங்கே இல்லை. மகளின் இன்னொரு கையில், காதோடு ஒட்டியபடி, போன் இருந்தது.

"இல்லம்மா, ஊசி போட்டுட்டிருக்காங்க, அதான். வலியெல்லாம் இல்லம்மா. நீங்க சொல்லுங்க."

போட்டுட்டிருக்காங்க. பெற்றவள் ஒரே சொல்லில் யாரோ ஒரு நர்ஸாகிவிட்டாள். பஞ்சை எடுத்துக் கூடையில் போட்டுவிட்டு, "அடுத்தது யாரு?" என்று வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். குரல் தேவைக்கு மேல் ஓங்கியிருந்தது.

போனில் இருந்த அம்மா வேறு ஒரு நாட்டில் இருந்தாள். கல்யாணமாகி அங்கே போனவள். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகும் திரும்பி வராமல், நடக்க முடியாத அநாதைப் பிள்ளைகளுக்காக ஒரு இல்லம் நடத்துகிறாள். மகளுக்கு பிசியோதெரபி வேலை. ஒரு வருஷமாக, வேலை முடிந்து வந்ததும் போனைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு, எந்தப் பிள்ளையின் காலை எப்படி நீட்ட வேண்டும், எப்படி மடக்க வேண்டும் என்று அங்கிருக்கும் ஆயாக்களுக்குச் சொல்லிக்கொடுத்து வந்தாள். இப்போது ஆறு மாதம் சம்பளமில்லாத விடுப்பு எடுத்துக்கொண்டு நேரிலேயே போகிறாள்; அதற்குத்தான் இந்த ஊசி. அங்கே எல்லாரும் அந்தப் பெண்மணியை அம்மா என்றுதான் கூப்பிடுகிறார்களாம். இவளும் கூப்பிடுகிறாள். அதில் என்ன தப்பு? ஒரு தப்பும் இல்லை. அதுதான் இன்னும் எரிந்தது.

வீட்டுக் கூடத்தில் பெட்டி வாயைப் பிளந்து கிடந்தது. ரப்பர் பட்டைகள், அமுக்கினால் கீச்சிடும் பந்துகள், தெரிந்தவர் வீடுகளில் கேட்டு வாங்கிய குட்டிக் குட்டிச் செருப்புகள். மகள் தரையில் சம்மணமிட்டு ஒவ்வொரு செருப்பின் வாரையும் தன் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தாள். பிள்ளைகளுக்கு உறுத்தக் கூடாதாம். அம்மா துணி மடிக்கிற சாக்கில் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இந்தக் கன்னத்தை எவ்வளவு நாளாயிற்று தொட்டு? தொட்டால் 'விடும்மா' என்று ஒதுங்குகிற கன்னம். தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள் மேல் பொறாமைப்படுகிறவளை உலகத்தில் எவளாவது மனுஷி என்பாளா? அதனால் அதையெல்லாம் திரட்டி அந்தப் பெண்மணியின் தலையில் போட்டாள். அது கொஞ்சம் சௌகரியமாக இருந்தது.

"ஸ்வெட்டர் ரெண்டு வேணும். அம்மா சொன்னாங்க, அங்க குளிருமாம்" என்றாள் மகள்.

"எந்த அம்மா?"

மகள் சிரித்தாள். பேப்பருக்குப் பின்னாலிருந்து அப்பா, "உள்ளூர் சரக்கு அலுத்துப்போச்சு. இப்ப இறக்குமதி" என்றார். இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். அம்மாவும் சிரித்து வைத்தாள்.

மறுநாள் மகள் குளித்துக்கொண்டிருந்தபோது அவள் போன் அடித்தது. அம்மா எடுத்தாள்.

"பாப்பா இருக்காளா?"

கையிலிருந்த துண்டு நழுவியது. பாப்பா என்பது வீட்டுப் பெயர். இந்த நான்கு சுவருக்குள் இரண்டே பேர் கூப்பிடுகிற பெயர். மகளின் சிநேகிதிகளுக்குக்கூடத் தெரியாது.

"குளிக்கிறா. நான் அவ அம்மா பேசறேன்."

"அடடே, நீங்களா! ரொம்ப சந்தோஷம்மா. பொண்ணை நல்லா வளத்திருக்கீங்க. அவளுக்கு என் ரூமுக்குப் பக்கத்து ரூமையே ஒதுக்கிட்டேன். இருட்டுன்னா பயமாமே பாப்பாவுக்கு? ராத்திரி பூரா லைட்டை எரிய விட்டுடறேன், நீங்க கவலையே படாதீங்க."

எத்தனை வருஷமாக அந்த அறைக்குள் போய், 'கரண்ட் பில்லை உன் மாமனாரா கட்டுவாரு?' என்று திட்டி விளக்கை அணைத்துவிட்டு வந்திருக்கிறாள். ஒரு தடவையாவது பயம் என்று சொன்னாளா இவள்?

"ஒரு விஷயம் உங்ககிட்ட சொல்லணும்" என்றாள் அம்மா. அறையில் வேறு யாரோ பேசுவது போல இருந்தது அவளுக்கு. "அவளுக்கு வலிப்பு வரும்."

வந்தது என்பதே உண்மை. இரண்டு வயதில், கடும் காய்ச்சலில், ஒரே ஒரு தடவை. அதற்கும் 'வரும்' என்பதற்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு நர்ஸுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அந்தப் பக்கம் குரல் தழைந்தது. "ஐயோ... எங்கிட்ட சொல்லவே இல்லையே."

அந்த 'எங்கிட்ட சொல்லவே இல்லையே' காதுக்குள் தேனாக இறங்கியது. அன்று சமைக்கும்போது அம்மா வாய்க்குள் பாடிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் மகள் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"எனக்கு வலிப்பு வருமாம்மா?"

அம்மா அடுப்பைத் தணித்தாள்.

"பிள்ளைங்களத் தூக்கிட்டு மாடிப்படி ஏறி இறங்கணும், அதனால வேண்டாம்னுட்டாங்க. வேற ஆளப் பாத்துக்கறாங்களாம். நீ உன் உடம்பைப் பாத்துக்கன்னு சொல்லி, அழறாங்க."

"சின்ன வயசுல உனக்கு..."

"காய்ச்சல்ல வந்தது. நீயே நூறு பேருக்குச் சொல்லியிருப்ப, அது ஒண்ணுமில்ல, பயப்படாதீங்கன்னு."

அப்பா பேப்பரை மடித்தார். "வலிக்காம குத்தறதுல உன்னை மிஞ்ச ஆளில்லடி" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

"ஏம்மா?" என்றாள் மகள். கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருக்கலாம்.

"அவ யாரு உன்னைப் பாப்பான்னு கூப்பிட?" அம்மா கரண்டியை மேடையில் போட்டாள். "எல்லாத்தையும் அவகிட்ட சொல்லியாச்சு. அந்தப் பேரையுமா குடுப்ப?"

மகள் கதவுநிலையில் சாய்ந்தாள். "நான்தான் கூப்பிடச் சொன்னேன். ஆறு மாசம் அந்தப் பேரு காதுல விழாம எப்படி இருக்கறதுன்னு தெரியலம்மா."

குக்கர் கூவியது. யாரும் போய் அணைக்கவில்லை. பிறகு அப்பாதான் எழுந்து போனார். மகள் போனை எடுத்து, வீடியோ அழைப்பைத் தொட்டு, அம்மாவின் ஈரக் கையில் வைத்தாள். "நீயே சொல்லு" என்றுவிட்டுத் தன் அறைக்குள் போனாள்.

திரையில் முகம் வரவில்லை. அந்தப் பக்கம் யாரோ போனை எடுத்து மேஜையில் வைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும். ஒரு கூரையும் குழல்விளக்கும் மட்டும் தெரிந்தன. அப்புறம் ஒரு நெற்றி. முன்பல் விழுந்த ஒரு வாய். ஒரு குட்டிக் கை அந்தப் போனை நிமிர்த்திச் சாய்த்து வைத்தது. நடக்க உதவும் இரும்புச் சட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் குழந்தை மெதுவாக வந்து சேர்ந்தது. அம்மா, ஊசி போடுவதற்கு முன் காட்டுகிற அந்தச் சிரிப்பைக் காட்டினாள். பிள்ளைகள் அவளை, தவறான வகுப்புக்குள் நுழைந்துவிட்ட டீச்சரைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

திடீரென்று அத்தனை முகமும் ஒன்றாக மலர்ந்தது. என்னென்னவோ மொழியில் கத்தினார்கள். ஒருத்தி உட்கார்ந்த இடத்திலேயே குதித்தாள். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. முதுகுக்குப் பின்னால் மகள் வந்து நிற்கிறாள் என்று அந்தக் கண்களே சொல்லின. திரையின் மூலையில், தபால்தலை அளவுக் கட்டத்தில், தன் முகமும் அதற்கு மேல் மகளின் கன்னமும் நெருங்கித் தெரிவதைப் பார்த்தாள். எந்தப் பிள்ளையும் அவளைப் பார்க்கவில்லை.

"யாருடா லைன்ல?" தூரத்திலிருந்து அந்தப் பெண்மணியின் குரலும் செருப்புச் சத்தமும் நெருங்கி வந்தன. இரும்புச் சட்டத்துக் குழந்தை ஒரு கையை விடுவித்து, மகளைத் தொட்டுப் பார்க்க நீட்டியது. உள்ளங்கை பெரிதாகிக்கொண்டே வந்து திரை முழுவதும் அப்பிக்கொண்டது. ரேகைகள் மங்கிச் சிவந்த வெளிச்சம் மட்டும் மிஞ்சியது. அம்மா போனை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தபடி நின்றாள்.