றோயின் குழியில் வேறொருத்தியின் ட்ரொம்போன்

கேஷானி பெட்டியைத் திறந்தாள். உள்ளே இருந்த ட்ரொம்போன், குழாயை நீட்டி இழுத்து ஊதும் அந்தப் பித்தளை வாத்தியம், அவளுடையது அல்ல, றோயுடையது. றோயைப் புதைத்து அரை மணி நேரம் ஆகியிருந்தது.

"யாகோப்பு அண்ணே," என்றாள். "என்னோடதக் குழிக்குள்ள வச்சிட்டாங்க."

மூவரும் பசறைக்கு மேலே உள்ள இந்தத் தேயிலைத் தோட்டத்துக் கோயில் பேண்டில் ட்ரொம்போன் பழகியவர்கள். யாகோப்பு கொழும்பு ஹோட்டலொன்றில் ஜாஸ் வாசிக்கிறார். றோய் ஒரு ராக் குழுவோடு ஊர் ஊராகப் போனான். வியாழக்கிழமை மேடையிலேயே சரிந்து விழுந்து இறந்தான். வயது நாற்பத்தொன்று. கேஷானிக்கு நாளை மறுநாள் கொழும்பில் சிம்பொனி இசைக்குழுவின் தேர்வு. ட்ரொம்போனுக்கு இருப்பது ஒரே இடம். பன்னிரண்டு வருடங்களுக்குப் பிறகு இப்போதுதான் அது காலியாகியிருந்தது.

பேண்டில் வாசித்தவர் இறந்தால் அவருடைய வாத்தியமும் கூடவே போவது இந்தத் தோட்டத்து வழக்கம். சவப்பெட்டிக்குள் அடங்காததால் மூடியின் மேல் வைத்து மண் தள்ளியிருந்தார்கள். மழைக்காக வாத்தியப் பெட்டிகள் கோயில் வாசலில் ஒன்றாகக் கிடந்தன. எல்லாவற்றிலும் பேண்டின் அடையாளமான அதே வெள்ளைச் சிலுவை. றோயின் மனைவி றோசாலிதான் அழுதுகொண்டே ஒன்றை எடுத்துக் குழிக்குக் கொடுத்திருந்தாள்.

"அவனோடத வச்சு வாசிக்க முடியாதா?" என்றார் யாகோப்பு.

"முடியாதுண்ணே. இதுலயும் வால்வு இல்ல, உங்களோடதுலயும் இல்ல. தேர்வுல கேக்குற அடிச் சுரம் வால்வு இல்லாம வராது."

"ராக்குக்கு எதுக்கு வால்வு, காது கிழிஞ்சாப் போதும்னு சொல்லுவான், பாவிப்பய..." யாகோப்பு சட்டென்று நிறுத்தினார். பின்னால் றோசாலி நின்றிருந்தாள்.

"நானா மாத்திக் குடுத்தேன்?"

"விடுங்கக்கா," என்றாள் கேஷானி. தோண்டச் சொல்லிக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

"எத விடுறது? அவரோடத யாராச்சும் தொட்டாலே கத்துவாரு. இப்ப அடுத்தவங்க சாமானோட படுத்திருக்காரா? முருகையாண்ணே, மம்பட்டிய எடுங்க!"

குழி வெட்டிய முருகையா அசையவில்லை. "மூடுன குழியத் தோண்டுனதே இல்லம்மா. ஃபாதர் வேற பதுளைக்குப் போயிட்டாரு."

"வந்தா நான் சொல்லிக்கிறேன்."

முருகையா மம்பட்டியை எடுத்து வெட்டத் தொடங்கினார். ஈரமண் மம்பட்டியில் ஒட்டிக்கொண்டு வந்தது. இரண்டடி போனதும் முருகையா மம்பட்டியை வெளியே வீசிவிட்டுக் கையால் தோண்டினார். ஒரு வெட்டு தவறாக விழுந்து நீட்டுக் குழாயில் சிறு நசுங்கல் பட்டாலும் போதும், வாத்தியம் ஓடாது. கேஷானி கண்ணை மூடிக்கொண்டாள்.

வாத்தியப் பெட்டி வந்தது. கேஷானி மண்ணைக்கூடத் துடைக்காமல் திறந்தாள். குழாயைக் கடைசிவரை நீட்டி இழுத்தாள். ஓடியது.

"ஊதிப் பாரு," என்றாள் றோசாலி.

"இங்கயாக்கா?"

"ஊது. கொழும்புல போய் வேல செய்யலன்னா?"

கேஷானி வால்வை அழுத்தி ஊதினாள். அந்த அடிச் சுரம் திறந்த குழியின் மேலிருந்து சரிவில் இறங்கிப் போனது. கீழே ரோட்டில் பஸ்ஸுக்குக் காத்திருந்த துக்க வீட்டுச் சனம் மொத்தமும் திரும்பியது. குடைகள் விழுந்தன. ஒரு கிழவி தரையில் உட்கார்ந்துவிட்டாள். யாரோ றோயின் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள்.

றோசாலி சரிவின் விளிம்புக்கு ஓடினாள்.

"அவரு இல்ல!" என்று கீழே பார்த்துக் கத்தினாள். "கேஷானி! வாசிக்கிறது கேஷானி! அவரு இல்ல!"

பிறகு திரும்பி வந்து, கணவனின் ட்ரொம்போன் பெட்டியைத் தானே குழிக்குள் இறக்கினாள்.