கிளம்பாத கறுப்புக் கார்

நெப்ராஸ்காவில் அவ்வாண்டு மழையே இல்லை. சந்தைத் திடலின் புழுதி எங்கள் கூடாரத்துக்குள்ளும் புகுந்து கறுப்புக் காரின் மேல் படிந்துகொண்டே இருந்தது. வங்கிக் கொள்ளையன் டெல்பர்ட் க்ரூஸைக் காவலர்கள் அந்தக் காருக்குள்ளேயே சுட்டுக் கொன்று ஈராண்டு ஆகியிருந்தது. வாசலில் நான் சீட்டு விற்றேன். உள்ளே முதலாளி பர்டெட், கைத்தடியால் குண்டுத் துளைகளைக் காட்டிக் கூவிக்கொண்டிருந்தார்.

ஒரு பெண் வெளியே போவதும் மறுபடி சீட்டு வாங்கி உள்ளே வருவதுமாக இருந்தாள். கைக்குட்டையைத் திருகித் திருகிக் கயிறாக்கியிருந்தாள்.

"ஏம்மா, இன்னும் துளைய எண்ணி முடிக்கலையா?" என்றேன்.

"என் பேரு ஓபல், டெல்பர்ட்டோட பொண்டாட்டிங்க. முகமே தெரியாத பிணத்தைக் காட்டி, இதுதான் உன் புருஷன்னாங்க. ஊர்ல பாதிப் பேரு, அவரு மெக்சிகோவுல சுகமா இருக்காருங்கறாங்க. வெளியில லாரியில லாயிட்னு ஒருத்தர் காத்திருக்காரு, என்னைக் கட்டிக்கணும்னு. நான் என்ன பதில் சொல்ல?"

அவளைப் பர்டெட்டிடம் அழைத்துச் சென்றேன். அவர் உதட்டைப் பிதுக்கினார்.

"பக்கத்து ஐயோவா மாநிலத்துல ஒருத்தன் இதே கார்னு வேற எதையோ காட்டி ஏமாத்தறான். என்னோடது அசல். ஆனா சத்தியம் பண்ணச் சொன்னா, எனக்கு வித்தவன் சொன்னதத்தானே நான் சொல்ல முடியும், தாயி?"

"ஒரு தடவை கிளப்பிப் பாக்கட்டுமா?" என்றாள் ஓபல்.

கூட்டம் சிரித்தது.

"இதை இழுக்கற நம்ம லாரி படுத்துடுச்சேன்னு நேத்து இதுக்குப் புது பேட்டரி, பெட்ரோல் எல்லாம் போட்டோம். மெக்கானிக் படுத்து உருண்டும் ஒண்ணும் நடக்கல. ஏறுங்க, ஏறுங்க!" என்றார் பர்டெட்.

ஓபல் ஏறி அமர்ந்தாள். சாவியைத் தொடாமல், முகப்புப் பலகையின் அடியில் கையை நுழைத்துத் துழாவினாள். 'டிக்' என்றொரு சிற்றொலி கேட்டது. பிறகு சாவியைத் திருப்பி, ஸ்டார்ட்டர் மிதியை அழுத்தினாள். இஞ்சின் இருமிற்று, உதறிற்று, ஓடத் தொடங்கிற்று. முன்வரிசையினர் துள்ளிப் பின்வாங்கினர்.

"என்னம்மா பண்ணினீங்க?" என்று பர்டெட் அலறினார்.

"ஊரான் பணத்தையெல்லாம் கொள்ளையடிச்ச மனுஷனுக்கு, தன் காரை எவனாவது திருடிடுவானோன்னு பயம். அடியில ஒரு சுவிட்ச் வெச்சாரு, அதைப் போடாம கார் கிளம்பாது. எங்க ரெண்டு பேருக்குத்தான் தெரியும். அது அணைஞ்சு கிடந்துச்சுங்க. கடைசியா இதை நிறுத்தி உக்காந்தது அவரேதான். அப்ப உள்ள வெச்சுச் சுட்டதும் அவரைத்தான்."

"ஓடுற காரைப் பாக்கவா காசு குடுத்தேன்? அது எங்க மாமன்கிட்டயே இருக்கு!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். கூட்டம் கலையத் தொடங்கியது.

அவள் இறங்கி நேராக லாயிட்டின் லாரியை நோக்கி நடந்தாள். நானும் வாசல்வரை சென்றேன்.

"லாயிட், அவரு செத்துட்டாரு," என்றாள், அன்றுதான் தந்தி வந்ததுபோல.

லாயிட் தொப்பியைக் கழற்றினார்.

"இன்னிக்கு ஒண்ணும் கேக்காதீங்க. கடை சாத்தறதுக்குள்ள போகணும். எனக்குத் துக்கத்துக்குக் கறுப்பு உடுப்பு ஒண்ணு வாங்கணும்."

அவர் லாரிக் கதவைத் திறந்துவிட்டார்.