கோபித்துக்கொண்டு போன கடல்

என் மருமகனுக்கு நீச்சல் தெரியாது. அதனால்தான் கடற்கரைப் பூங்காவில் லைஃப் கார்டு வேலை கிடைத்தது. நீச்சல் தெரிந்தவன் தண்ணீரைக் கண்டால் குதித்துவிடுவானாம். இவர் காவல் கோபுரத்தை விட்டு இறங்கவே மாட்டார். பயத்தில் கடலை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்தக் கரையில் கடலைப் பார்த்த ஒரே ஆள் அவர்தான். மற்றவர்கள் வந்தது இதய வடிவப் பிளாஸ்டிக் வளையத்துக்காக. வரிசையில் நின்று, வளையத்துக்குள் தலையைக் கொடுத்து, கடலுக்கு முதுகையும் போனுக்குப் பல்லையும் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். படம் எடுப்பவரோ, படத்தில் தன் விரல் விழுந்திருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்.

கடலும் எவ்வளவுதான் பொறுக்கும்? ஒரு நாள் காலை கோபித்துக்கொண்டு போய்விட்டது. அடிவானம்வரை வெறும் சேறு. நடுவில் ஒரு நண்டு, வீட்டைக் காலி செய்தவர்கள் மறந்துவிட்டுப் போன பூனை மாதிரி விழித்துக்கொண்டிருந்தது. வரிசை மட்டும் குறையவில்லை.

மருமகன் மேலாளரிடம் ஓடினார்.

"சார், கடலைக் காணோம்!"

"யாராவது புகார் குடுத்தாங்களா?"

"இல்ல சார்."

"அப்புறம் என்ன?" என்றவர் சற்று யோசித்தார். "ஆமா, கடலே இல்லாத இடத்துல உனக்கென்ன வேலை? சாயங்காலம் விசிலைக் குடுத்துட்டுக் கிளம்பு."

நேராக என்னிடம் வந்து மூக்கைச் சிந்தினார். "வேலை போச்சுன்னா உங்க பொண்ணு என்னை வீட்டுக்குள்ளயே சேர்க்க மாட்டா மாமா."

"அதுக்காக இங்க வந்துடாதீங்க மாப்பிள்ளை, இருக்கறது ஒரு கட்டில்தான். கோவிச்சுக்கிட்டுப் போனவங்களை யாராவது போய்த்தானே கூப்பிடணும்? போங்க, கூப்பிடுங்க."

சேற்றில் முழங்கால் புதையப் புதைய நடந்தார். "யாரு பாக்கலைன்னாலும் நான் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்? வாங்களேன்!" என்று கத்தினார்.

மரியாதையாகக் கூப்பிட்டது பிடித்துவிட்டது போலும், கடல் வந்தது. முன்னால் மருமகன், பின்னால் கடல். கோபுரத்தின் உச்சிக்குப் போய்த்தான் அவர் மூச்சு விட்டார்.

விசில் தப்பியது. ஆனால் அன்று மாலையே மேலாளருக்கு முதல் புகார் வந்துவிட்டது: எங்கிருந்தோ ஒரு கடல் வந்து, வரிசையில் நின்றவர்களின் செருப்பை நனைத்துவிட்டதாம்.

உடனே கரையில் கயிறு கட்டிவிட்டார்கள். கயிற்றைத் தாண்ட வரும் அலையைப் பார்த்து விசில் ஊதுவதுதான் இப்போது மருமகனின் வேலை. கடலும் கேட்டுக்கொண்டு திரும்பிவிடுகிறது. என் மகளே அவரை அவ்வளவு மதித்ததில்லை.